இரண்டு வெற்றுச் சீட்டுகள்

தலைமை நீதிபதி என்றால் எல்லாரையும்விடப் பெரிய தீர்ப்பு சொல்கிறவர் என்றுதான் ஊரில் பலருக்கு நினைப்பு. நகர நீதிமன்றத்தின் முத்திரை அறையில் பத்தொன்பது வருஷம் உட்கார்ந்தவளுக்குத் தெரியும், அப்படி ஒரு மண்ணும் இல்லை. தலைமை நீதிபதி சொல்கிற தீர்ப்புக்கும் மற்ற ஆறு பேர் சொல்கிற தீர்ப்புக்கும் ஒரே எடைதான். ஆனால் எந்த நீதிபதி எந்த அறையில் உட்கார வேண்டும், வாடகைத் தகராறு யாருக்கு, அடிதடி யாருக்கு, காலையில் ஜனங்களை எத்தனை மணிக்கு வரச்சொல்ல வேண்டும், மாடிப்படி விளக்கு எரியாவிட்டால் யாரைத் திட்ட வேண்டும், இதெல்லாம் அவர் கையில். விருந்து யார் வீட்டுடையது என்பதைவிட, கரண்டி யார் கையில் என்பதுதானே பசித்தவனுக்கு முக்கியம்.

அவளை எல்லாரும் முத்திரை அக்கா என்றார்கள். அவளைவிட இருபது வயது மூத்த வக்கீல்களுக்கும் அவள் அக்காதான். "பல்லு போனவங்களுக்கெல்லாம் நான் அக்கா. எனக்கு எப்போ நரைச்சதுன்னு எனக்கே தெரியல" என்று தங்கையிடம் அலுத்துக்கொள்வாள். எந்தத் தீர்ப்பானாலும் அவள் மேசைக்கு வந்து, பித்தளை முத்திரை அதன்மேல் விழுந்த பிறகுதான் அதற்கு உயிர். அவளுடைய வலது கட்டைவிரலில் ஏறிய ஊதா மை எந்தச் சோப்புக்கும் மசியாமல் நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

மூன்று வருஷத்துக்கு ஒரு முறை ஏழு நீதிபதிகளும் கூடித் தங்களுக்குள் ஒருவரைத் தலைமைக்குத் தேர்ந்தெடுப்பார்கள். ஆளுக்கொரு வெள்ளைச் சீட்டு. யார் வேண்டுமோ அவருடைய கோர்ட் எண்ணை மட்டும் அதில் எழுத வேண்டும். பெயர் எழுதினால் கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும், ஒற்றை எண்ணுக்கு ஏது முகம் என்று எந்தக் காலத்திலோ யாரோ யோசித்து வைத்த ஏற்பாடு. பதவிக்கு நிற்கிற இருவர் மட்டும் ஒன்றும் எழுதாமல் சீட்டை மடித்துப் போடுவார்கள். தனக்குத்தானே வோட்டுப் போட்டுக்கொள்வது அங்கே அநாகரிகம், தன் முதுகைத் தானே தட்டிக்கொள்வது மாதிரி. அதில் ஒரு சூட்சுமமும் இருந்தது. ஏழு சீட்டில் இரண்டு வெறுமனே போனால் மிச்சம் ஐந்து. ஐந்து சரிபாதியாக உடையாது. யாராவது ஒருவர் ஜெயித்தே ஆக வேண்டும். இந்த வழக்கம் எந்தப் புத்தகத்திலும் எழுதப்பட்டிருக்கவில்லை. எழுதத் தேவையிருந்ததும் இல்லை.

சீட்டைக் கொடுப்பதும் வாங்குவதும் பிரித்துப் படிப்பதும் முத்திரை அக்காவின் வேலை. அவளுக்கு வோட்டும் கிடையாது, கோர்ட்டும் கிடையாது, அதனால் அவள்தான் பொது ஆள் என்று வைத்திருந்தார்கள்.

அவர்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. ஒற்றை எண்ணுக்கும் முகம் உண்டு. வருஷக்கணக்கில் அந்த ஏழு பேர் கையால் எழுதிய தேதியையும் வழக்கு எண்ணையும் நாளைக்கு நூறு தடவை பார்க்கிறவளுக்கு, எண்ணைப் பார்த்தால் ஆள் எதிரே வந்து நிற்பார். இரண்டாம் கோர்ட் ஐயாவின் 2, தண்ணீர் குடிக்கக் குனிந்த வாத்து. மூன்றாம் கோர்ட்காரர் எதை எழுதினாலும் அவரைப்போலவே அதற்கும் தொப்பை இருக்கும். ஆறாம் கோர்ட்காரர் 4 போட்டால் அதன் கால் உடைந்திருக்கும், 2 போட்டால் அடிக்கோடு தரையில் படுத்திருக்கும். இதுவரை நடந்த ஆறு தேர்தலிலும் யார் யாருக்குப் போட்டார்கள் என்பது அவள் வயிற்றோடு இருந்தது. யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இந்த முறை நின்றவர்கள் இரண்டு பேர்.

ஒருவர் அந்த வாத்துக்காரர், இரண்டாம் கோர்ட் ஐயா. எல்லாரையும்விட சர்வீஸ் அதிகம். கை சுத்தம், வாய் சுத்தம். யார் என்ன கேட்டாலும் "எழுத்துல இருக்கா?" என்பார். அதனால் வக்கீல்கள் அவருக்கு வைத்த பெயர் எழுத்து ஐயா. இரண்டு முறை நின்று தோற்றவர். அடுத்த தேர்தல் வருவதற்குள் ஓய்வு பெற்றுவிடுவார். இது அவருக்குக் கடைசி முறை.

இன்னொருவர் நாலாம் கோர்ட் அம்மா. வாடகைத் தகராறுகள் அவரிடம். முன்பெல்லாம் சம்மன் வந்தால் அத்தனை பேரும் காலை ஒன்பது மணிக்கே வந்து தாழ்வாரத்தில் நிற்க வேண்டும். சாயங்காலம்வரை நின்றுவிட்டு, "இன்னிக்கு உங்க கேஸ் வராது, போயிட்டு அடுத்த வாரம் வாங்க" என்று திரும்புகிறவர்கள் பாதிப்பேர். அந்த அம்மா தன் கோர்ட்டுக்கு மட்டும் நேரச் சீட்டு கொண்டுவந்தார். உனக்குப் பத்தரை, உனக்குப் பதினொன்று, உனக்கு மத்தியானம் மூன்று. அவரவர் நேரத்துக்கு வந்தால் போதும். தான் தலைமைக்கு வந்தால் ஏழு கோர்ட்டுக்கும் நேரச் சீட்டு என்று சொல்லியிருந்தார். எழுத்து ஐயாவோ, "சம்மன்ல ஒம்பது மணின்னு இருக்கு. சீட்டுன்னு ஒண்ணு எந்த விதியில இருக்கு?" என்று கேட்டுவிட்டார். அவர் வந்தால் இருக்கிற நேரச் சீட்டும் போகும்.

முத்திரை அக்காவுக்கு அந்த அம்மா வரவேண்டும் என்று ஆசை. ஆசை என்றால் சும்மா ஆசை இல்லை, நெஞ்சில் முள் மாதிரி குத்திக்கொண்டிருந்த ஆசை. அதற்குக் காரணம் தங்கை.

தங்கை ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் இருந்தாள். பக்கத்து வீட்டு அடிதடிக்குச் சாட்சி சொல்ல ஐந்தாம் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. ஏழு நாள் ஒன்பது மணிக்கு வந்து நின்றாள். ஏழாவது நாள் சாயங்காலம் கூப்பிட்டு இரண்டு கேள்வி கேட்டார்கள். எட்டாவது நாள் வேலைக்குப் போனபோது அவள் இடத்தில் வேறொருத்தி நின்றாள். இப்போது வீட்டிலேயே அக்கம்பக்கத்தாருக்கு இஸ்திரி போட்டுக் கொடுக்கிறாள்.

தேர்தல் அன்று காலை தங்கை சட்டைக் காலரை மடித்துத் தேய்த்தபடியே ஆரம்பித்தாள்.

"அக்கா, இன்னிக்குத்தானே வோட்டு?"

"ம்."

"ஐயா ஜெயிச்சா ஜனங்க எல்லாம் மறுபடியும் சுவத்துப் பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்கணும். நான் நின்ன மாதிரி."

"ஏழு நாள்தானேடி நின்னே."

"ஏழு நாள்தானேயா! சொல்லமாட்டே பின்னே? சொந்தத் தங்கச்சி வெளியில கால் கடுக்க நிக்கிறா, அக்கா உள்ளே ஃபேனுக்கு அடியில உட்கார்ந்து முத்திரை குத்திட்டு இருக்கா. ஒரு நாளாவது உள்ளே வந்து உட்காருன்னு கூப்பிட்டியா?"

"சாட்சியை முத்திரை ரூம்ல உட்கார வைக்கக் கூடாது."

"எழுத்துல இருக்கா?" என்று தங்கை மூக்கால் பேசிக் காட்டினாள். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இருக்கு. போடி."

"சரி, சீட்டைப் பிரிச்சுப் படிக்கிறது நீதானே? ஒரு ரெண்டை நாலுன்னு படிச்சிடேன். குடியா முழுகிடும்?"

"வாயைக் கழுவு முதல்ல."

"கழுவிட்டேன், பல்லும் தேய்ச்சாச்சு." தங்கை இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். சிரிக்கவில்லை. "விளையாட்டுக்குத்தான் சொன்னேன் அக்கா. நீ செய்யமாட்டேன்னு தெரியும். அதான் சொன்னேன்."

நாலு மணிக்கு எல்லாக் கோர்ட்டும் கலைந்தது. தலைமை நீதிபதி அறையில் கண்ணாடி போட்ட நீள மேசையைச் சுற்றி ஏழு பேரும் உட்கார்ந்தார்கள். பதவிக்காலம் முடிந்து இறங்கப்போகிற முதல் கோர்ட் ஐயா நடுவில். முத்திரை அக்கா ஏழு சீட்டையும் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். பேனாக்கள் கீறும் சத்தம். ஒற்றை எண் எழுத எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஆனாலும் பிடித்தது.

"நான் எழுதிட்டேன். யாரும் என்னைக் காப்பி அடிக்காதீங்க" என்றார் மூன்றாம் கோர்ட்காரர். அவர் ஒருவர்தான் அந்த மேசையில் சிரிக்க வைக்கிறவர்.

தகரப் பெட்டியில் சீட்டு விழுந்தது. குலுக்கி ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"நாலு." தொப்பை இருந்தது. "ரெண்டு." அது முதல் கோர்ட் ஐயாவின் நடுங்கிய கை. "நாலு." ஏழாம் கோர்ட். அடுத்த சீட்டைப் பிரித்தாள்.

வாத்து.

தண்ணீர் குடிக்கக் குனிந்த அதே வாத்து. அவள் வாய் திறக்க ஒரு நொடி தாமதமாயிற்று.

"என்ன அக்கா, கண்ணாடி மறந்துட்டீங்களா?" என்றார் மூன்றாம் கோர்ட்காரர்.

"ரெண்டு" என்றாள்.

அடுத்தது வெறும் சீட்டு. அதற்கடுத்தது கால் உடைந்த 4, ஆறாம் கோர்ட். கடைசியாக இன்னொரு 2, ஐந்தாம் கோர்ட். பெட்டி காலி.

முதல் கோர்ட் ஐயா பென்சிலால் போட்ட கோடுகளை எண்ணினார். "நாலுக்கு மூணு. ரெண்டுக்கு மூணு. வெறும் சீட்டு... ஒண்ணு."

"ஒண்ணா?" என்றார் ஏழாம் கோர்ட்காரர்.

இரண்டு வெறும் சீட்டு வந்திருக்க வேண்டும், ஒன்றுதான் வந்திருக்கிறது. நின்ற இருவரில் ஒருவர் தனக்குத்தானே போட்டுக்கொண்டுவிட்டார் என்பது ஏழு பேருக்கும் விளங்கிவிட்டது. யார் என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வி சின்னது இல்லை. அந்த அம்மா தனக்குப் போட்டிருந்தால், அதைக் கழித்தால் ஐயாவுக்கு மூன்று, அம்மாவுக்கு இரண்டு. ஐயா தனக்குப் போட்டிருந்தால், அதைக் கழித்தால் அம்மாவுக்கு மூன்று, ஐயாவுக்கு இரண்டு. யார் முதுகில் யார் கை என்று தெரிந்தால் ஜெயித்தது யார் என்றும் தெரிந்துவிடும்.

கண்கள் மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தன. ஆறாம் கோர்ட்காரர் நாலாம் கோர்ட் அம்மாவைப் பார்த்தார், பார்த்ததை மறைக்கக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கூட்டத்தில் யாரோ காலை மிதித்துவிட்டால், வேகமாக நடக்கிறவள்தான் மிதித்திருப்பாள் என்று தோன்றுவது இயற்கை. அந்த அம்மா வயதில் சின்னவர், புதிது புதிதாகச் செய்கிறவர், பதவி வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டவர். பதினெட்டு வருஷமாக விதிப்புத்தகத்தோடு குடித்தனம் நடத்துகிற மனுஷரையா சந்தேகப்படுவார்கள்?

அந்த அம்மா வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். ‘என் சீட்டு வெறும் சீட்டு’ என்று சொன்னால் பக்கத்தில் இருப்பவரைக் குற்றவாளி என்று சொன்னதாகும். மேசைக் கண்ணாடியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுத்து ஐயா மட்டும் நிதானமாகப் பேசினார். "சமமா வந்தா சர்வீஸ் அதிகமானவர். எட்டாவது விதி. எழுத்துல இருக்கு."

"இருக்கு, இருக்கு" என்று முதல் கோர்ட் ஐயா பெருமூச்சு விட்டார். தாளில் முடிவை எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரை அக்காவிடம் தள்ளினார். "அக்கா, போட்டுடுங்க. எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்."

அவள் முத்திரையை மைப்பட்டையில் ஒற்றினாள். கை மேலே எழுந்தது. இறங்கவில்லை.

எனக்குத் தெரியும் என்றது ஒரு மனசு. உனக்குத் தெரிவதால் நிற்கிறாயா, உனக்கு வேண்டியவர் தோற்றதால் நிற்கிறாயா என்றது இன்னொன்று. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த வாத்து ஒன்றுதான்.

முத்திரையைத் திரும்ப வைத்தாள்.

"மன்னிக்கணும் ஐயா. முத்திரை விழாது."

"ஏன், மை தீந்துடுச்சா?" என்றார் மூன்றாம் கோர்ட்காரர்.

"மை இருக்குங்க."

"பின்னே?"

"வெறும் சீட்டு ரெண்டு வரணும். ஒண்ணுதான் வந்திருக்கு. யார் வோட்டு எதுன்னு நான் பேசக் கூடாது. பேசல. ஆனா இது நம்ம கணக்கு இல்லீங்க."

எழுத்து ஐயா அவளை நேராகப் பார்த்தார். "முத்திரை போடமாட்டேன்னு சொல்ல உங்களுக்கு அதிகாரம் எழுத்துல இருக்கா?"

அவள் முத்திரைப் பதிவேட்டைக் கொண்டுவந்து முதல் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். மங்கிப்போன அச்சு. அவர் விரலை வைத்து வாய்விட்டுப் படித்தார். "தாளில் உள்ளது சரியென்று மனதுக்குப் படாவிட்டால் முத்திரை வைப்பவர் முத்திரை வைக்கலாகாது. காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும்." மறுபடியும் ஒரு தடவை மனசுக்குள் படித்தார்.

"இருக்கு" என்றார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவருக்குக் கஷ்டமாக இருந்ததாகத் தெரியவில்லை. எழுத்தில் இருந்தால் அவருக்குச் சரிதான்.

"அக்காவுக்கு ஆள் யாருன்னே தெரியும் போலிருக்கே" என்று மூன்றாம் கோர்ட்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார். மற்றவர்கள் சிரிக்கவில்லை. ஆறு தலையும் அவள் பக்கம் திரும்பின.

"சீட்டு ரகசியம்ங்க" என்றாள். அது பொய் இல்லை. உண்மையும் முழுசாக இல்லை.

கடைசியில் முதல் கோர்ட் ஐயா ஒரு வழி சொன்னார். நின்ற இருவரும் கையைக் கட்டிக்கொண்டு உட்காரட்டும். மிச்ச ஐந்து பேருக்கு மட்டும் புதுச் சீட்டு. சண்டையே வராது. எல்லாரும் தலையாட்டினார்கள்.

ஐந்து சீட்டு விழுந்தது. அவள் பிரித்தாள். தொப்பை வைத்த 4. நடுங்கிய 2. ஏழாம் கோர்ட்டின் 4. ஐந்தாம் கோர்ட்டின் 2. கடைசிச் சீட்டில் அடிக்கோடு தரையில் படுத்த 2.

ஆறாம் கோர்ட்காரர் மாறிவிட்டார்.

"ரெண்டு" என்று படித்தாள்.

"ரெண்டுக்கு மூணு, நாலுக்கு ரெண்டு" என்றார் முதல் கோர்ட் ஐயா. ஐந்தாம் கோர்ட்காரர் நாற்காலியில் சாய்ந்து, "கணக்கே பேசிடுச்சு" என்றார். அவர் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்னது அறைக்குப் புரிந்தது. அம்மா தன் வோட்டைத் தனக்கே போட்டிருந்தால் என்ன வருமோ அதேதான் இப்போது வந்திருக்கிறது, மூன்றுக்கு இரண்டு. சந்தேகத்தால் ஒருவர் மாறினார். அந்த மாற்றமே சந்தேகத்துக்குச் சாட்சியாகிவிட்டது.

நாலாம் கோர்ட் அம்மா தன் காகிதங்களை அடுக்கிக்கொண்டார். ஓரங்கள் நேராக இருக்கின்றனவா என்று இரண்டு தடவை தட்டிப் பார்த்தார். அவர் முகத்தை அக்காவால் பார்க்க முடியவில்லை. முதலிலேயே முத்திரையைப் போட்டிருந்தால் அந்த அம்மா தோற்றதோடு போயிருக்கும். இப்போது தோல்விக்குமேல் பழியும். கண்ணில் விழுந்த தூசியை எடுக்கப்போய்க் கண்ணையே குத்திவிட்டேனே என்று நினைத்தாள்.

புதுத் தாள் அவள் முன்னால் வந்தது. இதில் சொல்ல ஒன்றும் இல்லை. ஐந்து பேர், ஐந்து சீட்டு, சரியான கணக்கு. அவள் முத்திரையை ஒற்றினாள்.

"கொஞ்சம் இருங்க."

எழுத்து ஐயாதான். ஜெயித்த மனுஷர் முகத்தில் சிரிப்பே இல்லை. முதல் கோர்ட் ஐயாவின் பென்சில் கோடுகள் இருந்த தாளைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்ன கணக்குப் போடுகிறார் என்று அக்காவுக்குத் தெரிந்தது. முதல் முறை அவருக்கு விழுந்த மூன்றில் ஒன்று அவருடையது. அப்படியானால் மற்றவர்கள் போட்டது இரண்டு. இப்போது மற்றவர்கள் போட்டது மூன்று. ஒருவர் மாறியிருக்கிறார். எதனால் மாறினார் என்று கண்டுபிடிக்கப் பதினெட்டு வருஷம் நீதிபதியாக இருந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

"முத்திரை வேண்டாம்" என்றார். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார். "முதல்ல ரெண்டுக்கு விழுந்ததுல ஒண்ணு என்னோடது."

மூன்றாம் கோர்ட்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தனக்குத்தானே போடக் கூடாதுன்னு எங்கேயும் எழுதல. தேடினேன். மூணு நாள் தேடினேன். எழுதலேன்னா செய்யலாம்னு நினைச்சேன். இப்பவும் எந்தச் சட்டமும் என்னைத் தப்புன்னு சொல்லாது." அவர் சட்டைக் கைப் பொத்தானைத் திருகினார். "ஆனா உங்கள்ல ஒருத்தர் இந்தத் தடவை மனசை மாத்தி எனக்குப் போட்டிருக்கீங்க. எதை நம்பிப் போட்டீங்கன்னு எனக்குத் தெரியும். அது பொய். அந்தப் பொய்யை நான் சொல்லல. ஆனா வாயை மூடிட்டு உட்கார்ந்திருந்தேன். இப்படிப் பொய்யை நம்பி எழுதின தீர்ப்பு என் கோர்ட்டுக்கு வந்தா நான் ஒரு நிமிஷம் யோசிக்காம ரத்து பண்ணுவேன்."

ஆறாம் கோர்ட்காரர் எழுந்தே விட்டார். "மேடம், நான்தான்..."

"வேண்டாம் சார்" என்றார் நாலாம் கோர்ட் அம்மா. அந்த மேசையில் அவர் பேசிய முதல் வார்த்தை அது. "சீட்டு ரகசியம். உட்காருங்க."

மூன்றாவது முறை எடுப்பது என்று முடிவாயிற்று. முதல் கோர்ட் ஐயா அக்காவைப் பார்த்தார். சீட்டை எடுக்க வேண்டியவள் அசையாமல் நின்றாள். ஒரு பெரிய மனுஷர் தன் தப்பை மேசைமேல் எடுத்து வைத்துவிட்டார். அவளுடையது இன்னும் அவள் மடியில் இருந்தது.

"ஐயா, இந்தத் தடவை நான் பிரிக்க மாட்டேன். எனக்கு உங்க ஏழு பேர் எண்ணும் தெரியும். யார் எழுதினதுன்னு பார்த்தாலே தெரியும். ரொம்ப வருஷமாவே தெரியும். சொல்லியிருக்கணும். சொல்லல."

"எல்லாமா?" மூன்றாம் கோர்ட்காரர் முன்னால் சாய்ந்தார். "போன தேர்தல்ல நான் யாருக்குப் போட்டேன்?"

"சொல்லட்டுங்களா?"

அவர் பக்கத்திலிருந்த முதல் கோர்ட் ஐயாவை ஒரு தடவை பார்த்தார். "வேண்டாம் தாயே. வயசான காலத்துல நட்பு கெட்டுடும்."

அப்போதுதான் அந்த அறையில் எல்லாரும் சிரித்தார்கள். முதல் கோர்ட் ஐயாவும் சிரித்தார், கொஞ்சம் யோசித்துவிட்டு.

அக்கா தன் அறையிலிருந்து வெள்ளைத் தாளும் மஞ்சள் தாளும் கொண்டுவந்து ஒரே அளவாக வெட்டி, ஐந்து பேருக்கும் ஆளுக்கு இரண்டு நிறமும் கொடுத்தாள். வெள்ளை என்றால் இரண்டாம் கோர்ட், மஞ்சள் என்றால் நாலாம் கோர்ட். யாரும் எதுவும் எழுத வேண்டாம். கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள்.

தாழ்வாரத்தில் இன்னும் மூன்று பேர் மிச்சமிருந்தார்கள். ஐந்தாம் கோர்ட்டுக்கு வந்தவர்கள். கோர்ட் கலைந்தது அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. கையில் குழந்தையோடு நின்ற ஒருத்தி, "எங்களைக் கூப்பிடுவாங்களாம்மா?" என்று கேட்டாள். "இன்னிக்கு இல்ல. போயிட்டு வாங்க" என்றாள் அக்கா. தினமும் சொல்கிற வார்த்தைதான். இன்று வாய் கசந்தது.

கதவு திறந்து கூப்பிட்டார்கள். மேசையில் ஒரே ஒரு தாள் இருந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர், நாலாம் கோர்ட். எத்தனைக்கு எத்தனை என்று அதில் இல்லை. அவள் கேட்கவும் இல்லை. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக, யார் யாருக்குப் போட்டார்கள் என்று தெரியாமல் முத்திரை வைத்தாள்.

எல்லாரும் போன பிறகு பதிவேட்டைத் திறந்து உட்கார்ந்தாள். முத்திரை மறுத்ததற்குக் காரணம் எழுத வேண்டும். எழுத்து ஐயா பையோடு வாசலில் வந்து நின்றார்.

"என்ன எழுதப் போறீங்க?"

"கணக்கு சேரலைன்னு எழுதலாம்னு இருக்கேங்க."

"அது மட்டுமா?"

அவள் பேனாவை மூடினாள். "இல்லீங்க. அந்த அம்மா வரணும்னு எனக்கு ஆசை இருந்துச்சு."

"தெரியும். இந்தக் கட்டடத்துல எல்லாருக்கும் தெரியும்." அவர் உள்ளே வரவில்லை. "ஒரு கேள்வி. கேட்கலாமா?"

"கேளுங்க ஐயா."

"தனக்குத்தானே போட்டது நானா இல்லாம அந்த அம்மாவா இருந்து, அவங்க ஜெயிச்சிருந்தா, இதே மாதிரி முத்திரையைக் கீழே வச்சிருப்பீங்களா?"

மாடிப்படியில் காவலாளி விளக்குகளை அணைத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு சுவிட்சாகக் கேட்டது. ஆமாம் என்று சொல்ல வாய் துடித்தது. அது உண்மையா என்று உள்ளே தேடினாள். கிடைக்கவில்லை.

"தெரியலீங்க ஐயா."

அவர் தலையாட்டினார். நாள் முழுக்க அவர் முகத்தில் இல்லாத ஒரு இளக்கம் இப்போது வந்தது. "நீங்க நிறுத்தாம இருந்திருந்தா, நான் வாயைத் திறந்திருப்பேனான்னு எனக்கும் தெரியல. வர்றேன்."

காலடிச் சத்தம் படியில் இறங்கிப் போயிற்று. அக்கா பேனாவைத் திறந்தாள். ‘வெற்றுச் சீட்டு இரண்டு வர வேண்டிய இடத்தில் ஒன்றே வந்தது’ என்று எழுதினாள். முற்றுப்புள்ளி வைத்தாள். பிறகு அந்தப் புள்ளியைக் காற்புள்ளியாக்கி, ‘முத்திரை வைப்பவருக்கு எண்களை எழுதிய கை யாருடையது என்று தெரியும், ஒருவர் ஜெயிக்க வேண்டும் என்ற விருப்பமும் இருந்தது’ என்று சேர்த்தாள். கட்டம் சிறியது. எழுத்து கோட்டைத் தாண்டி ஓரம்வரை போயிற்று.